மருத்துவரைக் கேளுங்கள்: தீவிர சிகிச்சைப் பிரிவில் குடியேறும் கிருமிகள்

இந்த இதழின் கேள்விகள் அனைத்தும் ஒரே பொருளைப் பற்றியவை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் ஐசியூ எனப்படும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் பரவுவதைப் பற்றிக் கும்பகோணத்து வாசகி ஒருவர் எழுதியிருந்த கடிதத்தின் சுருக்கத்தைச் சென்ற இதழில் வெளியிட்டோம். அதைப் படித்தவர்களிடமிருந்து வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றியவள் என்ற முறையில் இவற்றுக்கு இயன்றவரை விரிவாகப் பதில் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

கேள்வி: என் கணவருக்கு இதய அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்றார்கள். ஒன்பதாம் நாள் காய்ச்சல் வந்தது. இரத்தத்தில் கிளெப்சியெல்லா என்ற கிருமி இருக்கிறது, எந்த மருந்தும் கேட்கவில்லை என்றார்கள். பதினாறாம் நாள் போய்விட்டார். செருப்பை வெளியே விட்டு, மேலங்கி அணிந்துகொண்ட பிறகே எங்களை உள்ளே விட்டார்கள். அவ்வளவு சுத்தமான இடத்துக்குள் அந்தக் கிருமியை யார் கொண்டுவந்தார்கள்?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, கும்பகோணம்

அம்மா, உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். உங்கள் கணவருக்கு என்ன நேர்ந்தது என்று அவருடைய மருத்துவக் குறிப்புகளைப் பார்க்காமல் நான் சொல்வது முறையாகாது. ஆனால், 'யார் கொண்டுவந்தார்கள்' என்று நீங்கள் கேட்கும் அதே கேள்விக்கு மிகத் துல்லியமாக விடை தேடப்பட்ட நிகழ்வு ஒன்று உண்டு. அதைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் பெதெஸ்டா என்ற ஊரில், அந்நாட்டுத் தேசிய சுகாதார நிறுவனத்தின் ஆராய்ச்சி மருத்துவமனை இருக்கிறது. 2011 ஜூன் 13 அன்று, நுரையீரல் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 43 வயதுப் பெண் ஒருவர் நியூயார்க் நகரத்து மருத்துவமனையிலிருந்து அங்கே மாற்றப்பட்டார். கார்பபெனெம் என்ற உயர்வகை மருந்துகளுக்கும் அடங்காத கிளெப்சியெல்லா நிமோனியே அவர் உடலில் இருப்பது முன்பே தெரிந்திருந்ததால், தனி அறை, உள்ளே செல்லும் ஒவ்வொருவருக்கும் கையுறை, மேலங்கி என்று எல்லா ஏற்பாடுகளும் முதல் நாளே செய்யப்பட்டன. அவர் அங்கிருந்த ஒரு மாதத்தில் ஐசியூவில் கழித்தது இரண்டே நாள்தான். ஜூலை 15 அன்று வீடு திரும்பினார். கிருமி எவருக்கும் பரவவில்லை என்று மருத்துவமனை நிம்மதி அடைந்தது.

மூன்று வாரம் கழித்து, ஆகஸ்ட் 5 அன்று, வேறொரு நோயாளியின் மூச்சுக்குழாய்ச் சளியில் அதே வகைக் கிருமி வளர்ந்தது. அதன்பின் ஏறத்தாழ வாரத்துக்கு ஒருவர். ஆண்டு முடிவதற்குள் 18 நோயாளிகளிடம் கிருமி காணப்பட்டது. அவர்களில் 11 பேர் இறந்தார்கள். 6 பேரின் இறப்புக்கு இந்தத் தொற்றே காரணம் என்று மருத்துவர்கள் முடிவுசெய்தனர்.

அந்த மாதங்களில் அவர்கள் செய்யாதது எதுவும் இல்லை. கிருமி உள்ளவர்களைப் பிரித்து வைக்கப் பிரிவுக்குள்ளேயே சுவர் எழுப்பினார்கள். அறைகளை ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவியால் நிரப்பினார்கள். ஒவ்வொருவரும் கையைச் சுத்தம் செய்கிறார்களா என்று பார்ப்பதற்கென்றே இரவும் பகலும் ஆள் நிறுத்தினார்கள். இவ்வளவுக்கும் பிறகு கைகழுவும் தொட்டிகளின் வடிகால்களில் அந்தக் கிருமி இருந்தது. முறைப்படி சுத்தம் செய்து வைத்திருந்த ஒரு வென்டிலேட்டரிலும் இருந்தது.

ஜூலி செக்ரே, ஈவன் ஸ்னிட்கின் ஆகிய ஆய்வாளர்கள் ஒவ்வொரு நோயாளியிடமிருந்தும் எடுத்த கிருமியின் மரபணு வரிசையை முழுவதுமாகப் படித்தார்கள். ஏறத்தாழ 60 லட்சம் எழுத்துகள் கொண்ட வரிசை அது. ஓலைச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள், ஏடு பெயர்த்து எழுதியவர் செய்த பிழை அடுத்தடுத்த சுவடிகளில் தொடர்வதைக் கொண்டு எந்தச் சுவடி எதைப் பார்த்து எழுதப்பட்டது என்று கண்டுபிடிப்பார்கள் அல்லவா? அதே முறைதான் இதுவும். கிருமி பெருகும்போது எப்போதாவது ஓர் எழுத்து பிசகுகிறது. அந்தப் பிசகு அதன் வழித்தோன்றல்கள் அனைத்திலும் நிலைத்துவிடுகிறது. அப்படிப் பார்த்தபோது, எல்லாக் கிருமியும் அந்த ஒரு பெண்ணிடமிருந்தே வந்தவை என்பதும், அவரிடமிருந்து மூன்று தனித்தனிச் சந்தர்ப்பங்களில் பிறருக்குச் சென்றன என்பதும் தெரிந்தன. இடையில், காய்ச்சலோ வேறு அறிகுறியோ இல்லாமல் கிருமியைக் குடலில் சுமந்துகொண்டிருந்தவர்கள் வழியாகவும் அது நகர்ந்திருந்தது. 2012 ஆகஸ்ட்டில் இவை அனைத்தையும் ஆய்விதழில் வெளியிட்டார்கள்.

அம்மா, உங்கள் கேள்விக்கான விடை இதில் இருக்கிறது. கிருமியைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் அதைச் சுமப்பதை அறியாத இன்னொரு நோயாளி. அதை அடுத்த கட்டிலுக்கு எடுத்துச் செல்பவை சிகிச்சை அளிக்கும் கைகளும் கருவிகளும். நீங்கள் வெளியே கழற்றிவைத்த செருப்புக்கு இதில் அநேகமாகப் பங்கே இல்லை. உங்கள் வருகையால் அவருக்கு எதுவும் நேர்ந்துவிட்டதோ என்ற எண்ணம் மனத்தில் இருந்தால் தயவுசெய்து அதை அகற்றிவிடுங்கள். இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவரின் கழுத்து இரத்தக்குழாயில் ஒரு குழாய், சிறுநீர்ப்பையில் ஒரு குழாய், மூச்சுக்குழாயில் ஒன்று என்று உடலுக்குள் செல்லும் வழிகள் பல திறந்திருக்கின்றன. அவை இல்லாமல் அவரைக் காப்பாற்ற முடியாது. அவற்றின் வழியே கிருமி இரத்தத்துக்குள் போய்விட்டால், அதை நிறுத்தும் மருந்து கையில் இல்லாத நிலைமைதான் உங்கள் குடும்பத்துக்கு நேர்ந்தது.

கேள்வி: 'எனக்கு இந்த மருந்து பழகிவிட்டது, அதனால் கேட்பதில்லை' என்று என் தாத்தா சொல்கிறார். கிருமிகள் மருந்தை வெல்வது இப்படித்தானா?
— கல்லூரி மாணவர், சிவகங்கை

மருந்துக்குப் பழகுவது உங்கள் தாத்தாவின் உடல் அன்று. அவர் உடலில் இருக்கும் கிருமி.

ஆய்வகத்தில் இதைக் கண்ணால் காணலாம். கிளெப்சியெல்லாவை வளர்தட்டில் இட்டு ஓரிரவு வைத்தால், காலையில் இளஞ்சிவப்பு நிறத்தில் பளபளப்பான பொட்டுகளாக வளர்ந்திருக்கும். சில வகைகளைக் கம்பி வளையத்தால் தொட்டுத் தூக்கினால் அதிரசப் பாகு போலக் கம்பி இழுத்துக்கொண்டு வரும். பிறகு இன்னொரு தட்டில் கிருமியைப் பரப்பி, மருந்து ஊறிய சிறு காகித வில்லைகளை அதன்மேல் வைக்கிறோம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றி, நிலா கோட்டை கட்டியதுபோல ஒரு தெளிந்த வட்டம் தோன்றும். நான் பணியில் சேர்ந்த காலத்தில், கார்பபெனெம் வகையைச் சேர்ந்த மெரோபெனெம் வில்லையைச் சுற்றி அகன்ற வட்டம் இல்லாத தட்டைக் காண்பது அரிது. ஓய்வுபெறும் காலத்தில், ஐசியூவிலிருந்து வந்த தட்டுகளில் எல்லா வில்லைகளையும் ஒட்டிக்கொண்டு கிருமி வளர்ந்திருந்த காலைகள் பல உண்டு. அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு சிகிச்சை அளிக்கும் மருத்துவரைத் தொலைபேசியில் அழைப்பதைவிடக் கடினமான வேலை எங்கள் துறையில் இல்லை.

பென்சிலினில் தொடங்கி கார்பபெனெம் வரையிலான மருந்துகள் கிருமியின் சுவர் கட்டும் வேலையைக் கெடுக்கின்றன. அந்த மருந்தையே வெட்டிப்போடும் நொதியைச் சில கிருமிகள் உற்பத்தி செய்கின்றன. அந்த நொதிக்கான செய்முறை, பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையத்தில் எழுதப்பட்டிருக்கிறது. தேர்வறையில் விடைத்துண்டைப் பக்கத்து மாணவனிடம் தள்ளுவதுபோல, ஒரு கிருமி அந்த வளையத்தை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும். பெறுவது வேறு இனமாக இருந்தாலும் தடையில்லை.

இதில் நம் பங்கும் இருக்கிறது. ஒருவர் ஆன்டிபயாட்டிக் உண்ணும்போது குடலில் உள்ள தீங்கற்ற கிருமிகள் பெருமளவில் மடிகின்றன. நெற்பயிரை அழித்துவிட்டுக் கோரையை மட்டும் விட்டுவைக்கும் களைக்கொல்லியை வயலில் தெளித்தால் என்ன ஆகுமோ, அதுவே அங்கே ஆகிறது.

கேள்வி: இத்தகைய கிருமி ஒன்றுக்கு நம் தலைநகரின் பெயரைச் சூட்டியிருக்கிறார்களாமே? இது நியாயமா? உண்மையிலேயே அது நம்மிடமிருந்து போனதுதானா?
— வாசகர், சென்னை, அம்பத்தூர்

பெயர் சூட்டப்பட்டது கிருமிக்கு அன்று, அது உருவாக்கும் ஒரு நொதிக்கு. புது டெல்லியில் மருத்துவமனையில் இருந்துவிட்டு ஸ்வீடன் திரும்பிய இந்திய வம்சாவளியினர் ஒருவரின் சிறுநீரில் 2008இல் காணப்பட்ட கிளெப்சியெல்லாவில் அந்த நொதி முதலில் கண்டறியப்பட்டது. புது டெல்லி மெட்டல்லோ பீட்டா லாக்டமேஸ் 1 என்பது அதன் முழுப் பெயர். என்டிஎம் 1 என்று சுருக்கி அழைக்கிறோம். 2010 ஆகஸ்ட்டில், சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்ட ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. சென்னையிலிருந்து 44, ஹரியாணாவிலிருந்து 26, பிரிட்டனிலிருந்து 37 என்று இந்த நொதி கொண்ட கிருமிகள் அதில் பதிவாயின. நாடாளுமன்றம் வரை கோபம் எழுந்தது. மருத்துவத்துக்காக இந்தியா வருபவர்களைத் தடுக்கும் சூழ்ச்சி என்று கூடப் பேசினார்கள்.

ஒரு நகரத்தின்மீது பழி விழும்படி பெயரிட்டது சரியன்று என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அந்தப் பெயர்ச் சண்டையில் நாம் செலவிட்ட காலத்தை எண்ணி வருந்துகிறேன். எண்கள் நம் ஆய்வகங்களில் கிடைத்தவை; நோயாளிகள் நம் நோயாளிகள். அடுத்த ஆண்டே டெல்லியில் 50 குழாய் நீர் மாதிரிகளைச் சோதித்ததில் 2இலும், தெருவில் தேங்கிய நீர் மாதிரிகள் 171இல் 51இலும் அந்த மரபணு காணப்பட்டது. ஐசியூவின் கதவு கண்ணாடியால் ஆனதாக இருக்கலாம். ஆனால் ஊரின் கழிவுநீர் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் உள்ளே வரும் நோயாளியின் குடலும் இருக்கும். 2012இல் தொற்றுநோய் நிபுணர் டாக்டர் அப்துல் கஃபூர் முன்னின்று பல மருத்துவச் சங்கங்களைச் சென்னையில் கூட்டி, ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டை ஒழுங்குபடுத்த நடைமுறைக்கு ஏற்ற திட்டம் ஒன்றை வகுத்தார். சென்னைப் பிரகடனம் என்று உலகம் அதை அறியும். நம் ஊரின் பெயர் இந்தத் துறையில் அப்படி நிலைத்ததில் எனக்குப் பெருமை உண்டு.

கேள்வி: நான் தனியார் மருத்துவமனை ஐசியூவில் செவிலியர். இரண்டு நோயாளிகளுக்கு ஒரே கிருமி வந்தால் உடனே எங்கள் கைகளைத் துடைத்துச் சோதனைக்கு அனுப்புகிறார்கள். 'கை கழுவுவதில்லை' என்று கூட்டத்தில் நிறுத்தி வைத்துப் பேசுகிறார்கள். இரவுப் பணியில் வென்டிலேட்டரில் உள்ள மூன்று பேரை நான் ஒருத்தியே பார்க்கிறேன். உண்மையில் குற்றம் எங்களுடையதுதானா?
— செவிலியர், மதுரை

சகோதரி, நீங்கள் பெயரை மறைத்து எழுதியதன் காரணம் எனக்குப் புரிகிறது. என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன்.

நான் முன்பு பணியாற்றிய ஒரு மருத்துவமனையின் ஐசியூவில், இரண்டு வாரத்துக்குள் நான்கு நோயாளிகளின் சளியில் அசினெட்டோபாக்டர் பாமனி வளர்ந்தது. உலர்ந்த கட்டில் கம்பியில்கூட வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடிய கிருமி அது. முதல் வேலையாகச் செவிலியர் அனைவரின் கைகளையும் துடைத்து எங்கள் ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். ஒன்றிலும் கிருமி இல்லை. ஒரு பிற்பகல் நானே போய் அந்தப் பிரிவில் ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு மூன்று மணி நேரம் பார்த்தேன். நோயாளிக்குக் கொடுத்து மீந்த பாலும், குளுக்கோஸ் திரவமும், சளி உறிஞ்சும் குழாயை அலசிய நீரும் ஒரே கைகழுவும் தொட்டியில் ஊற்றப்பட்டன. குழாயிலிருந்து நீர் நேராக வடிகால் துளையின்மேல் விழுந்து சிதறியது. தொட்டிக்கு ஒரு முழம் தள்ளி, மருந்தை ஆவியாக உள்ளிழுக்க உதவும் நெபுலைசர் முகமூடிகளைக் கழுவி ஒரு தட்டில் கவிழ்த்து உலர வைத்திருந்தார்கள். வடிகாலுக்குள் பஞ்சுக்குச்சியை விட்டு எடுத்தேன். வழுவழுப்பான சாம்பல் நிறப் படலம் ஒட்டிக்கொண்டு வந்தது. இரண்டு நாளில் தட்டில் அசினெட்டோபாக்டர் வளர்ந்தது. முகமூடி ஒன்றிலும் வளர்ந்தது.

கை கழுவியவர்கள் கை கழுவிய இடத்திலேயே கிருமி இருந்தது. மீந்த பாலையும் குளுக்கோஸையும் நாமே ஊற்றி அதை வளர்த்திருந்தோம். தொட்டியை அகற்றி, முகமூடிகளை ஒருவருக்கு ஒன்று என்று தனியாகக் கொடுத்தபின் புதிதாக எவருக்கும் வரவில்லை. 'காரணம் கண்டறியப்பட்டது' என்று எழுதிய என் அறிக்கையை நிர்வாகம் கோப்பில் சேர்க்கவில்லை. கூட்டத்தில் நிறுத்திவைக்கப்பட்ட செவிலியர்களிடம் எவரும் வருத்தம் தெரிவிக்கவும் இல்லை. அதை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

கை சுத்தம் முக்கியமில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. நோயாளியைத் தொடுமுன், குழாய் அல்லது ஊசி வேலைக்கு முன், உடல் திரவம் பட்டபின், நோயாளியைத் தொட்டபின், அவருடைய கட்டிலையோ கருவியையோ தொட்டபின் என்று உலக சுகாதார நிறுவனம் ஐந்து தருணங்களை வகுத்திருக்கிறது. ஆல்கஹால் திரவத்தால் தேய்த்துக்கொள்ள ஒவ்வொரு முறையும் 20 முதல் 30 விநாடி வேண்டும். வென்டிலேட்டரில் உள்ள ஒருவருக்கு இந்தத் தருணங்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை வரும் என்பது உங்களுக்குத் தெரியும். அதை மூன்றால் பெருக்கிப் பார்க்கட்டும் உங்கள் நிர்வாகம். வென்டிலேட்டரில் உள்ள ஒரு நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பதே தீவிர சிகிச்சையில் ஏற்கப்பட்ட நெறி. ஒரு கட்டிலில் எச்சரிக்கை மணி அடிக்கும்போது இன்னொரு கட்டிலிலிருந்து ஓடுகிறவளிடம், இடையில் நின்று கையைத் தேய்த்துக்கொள் என்று சொல்வதற்கு, அவளுக்குத் துணையாக இன்னொருத்தியை நியமித்தவர்களுக்கு மட்டுமே உரிமை உண்டு.

உங்களால் இயன்ற ஒன்றைச் சொல்கிறேன். கட்டிலுக்குக் கட்டில் ஆல்கஹால் திரவப் புட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, தீர்ந்தபின் எத்தனை மணி நேரத்தில் நிரப்பப்படுகிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். அடுத்த கூட்டத்தில் அந்தத் தாளை எல்லோருக்கும் முன்பாக வையுங்கள்.

கேள்வி: பெரிய நாடுகளிலேயே இப்படி என்றால், இதைத் தடுக்கவே முடியாதா?
— வாசகர், சேலம்

முடியும்; முடிந்திருக்கிறது. இஸ்ரேலில் 2006இல் கார்பபெனெமுக்கு அடங்காத கிளெப்சியெல்லா பரவத் தொடங்கியது. 2007 மார்ச் இறுதிக்குள் 27 மருத்துவமனைகளில் 1,275 நோயாளிகள் பாதிக்கப்பட்டிருந்தனர். ஒவ்வொரு மருத்துவமனையும் தனித்தனியே போராடித் தோற்றிருந்த நிலையில், சுகாதார அமைச்சகமே பொறுப்பை ஏற்றது. கிருமி உள்ள ஒவ்வொரு நோயாளியையும் பற்றி நாள்தோறும் தேசியக் குழுவுக்கு அறிக்கை தரவேண்டும். அவர்களுக்குத் தனி இடமும், அவர்களை மட்டும் பார்க்கும் தனிச் செவிலியர்களும் ஒதுக்கவேண்டும். தலைமை நிர்வாகியே நேரடிப் பொறுப்பு. லட்சம் நோயாளி நாள்களுக்கு (ஒரு நோயாளி மருத்துவமனையில் கழிக்கும் ஒரு நாள் ஒரு நோயாளி நாள்) மாதம் 55.5 என்று இருந்த புதிய தொற்றுகள் 2008 மே மாதத்தில் 11.7 ஆகக் குறைந்தன. புதிய மருந்து எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்திலும் இதற்கு நெருக்கமான ஒரு முயற்சி நடந்தது. பீட்டர் ப்ரோனோவோஸ்ட் என்ற மருத்துவரின் தலைமையில் 103 ஐசியூக்களில், பெரிய இரத்தக்குழாயில் குழாய் பொருத்தும்போது ஐந்து செயல்களைத் தவறாமல் செய்தார்கள்: கை கழுவுதல், மேலங்கி, கையுறை, விரிப்பு ஆகியவற்றால் முழு மறைப்பு, குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கொண்டு தோலைத் துடைத்தல், தொடை இரத்தக்குழாயைத் தவிர்த்தல், தேவை முடிந்த குழாயை உடனே எடுத்தல். ஏதேனும் ஒன்று விடுபட்டால் மருத்துவரையே நிறுத்தச் சொல்லும் அதிகாரம் செவிலியருக்கு அளிக்கப்பட்டது. ஆயிரம் குழாய் நாள்களுக்கு 2.7 இரத்தத் தொற்று என்றிருந்த இடைநிலை அளவு, மூன்றே மாதத்தில் சுழியத்துக்கு வந்தது. மதுரைச் சகோதரியின் கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

கேள்வி: ஐசியூவில் இருப்பவரைப் பார்க்கப் போகும்போது நாங்கள் என்ன செய்யவேண்டும்? கோயில் விபூதி, பூ கொண்டுபோகலாமா?
— இல்லத்தரசி, திருவண்ணாமலை

உள்ளே நுழையுமுன்னும் வெளியே வந்தபின்னும் கையைத் தேய்த்துக்கொள்ளுங்கள். உங்களவரைத் தொடலாம்; கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், அவருக்கு அது வேண்டும். அடுத்த கட்டிலில் இருப்பவர் தெரிந்தவராக இருந்தாலும் தொட வேண்டாம். பூவும் பூச்சாடி நீரும் ஐசியூவுக்குள் வேண்டாம். விபூதியைக் குழாய் செருகிய கழுத்துப் பகுதியிலோ கட்டின்மீதோ படாமல், செவிலியரிடம் கேட்டு நெற்றியில் மட்டும் சிறிது இடலாம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ உள்ளவர்கள் அன்று போகாமல் இருப்பதே நல்லது.

கேள்வி: நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். சீட்டு இல்லாமல் கொடுக்க மறுத்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுகிறார். என் கடையில் விற்கும் மாத்திரைக்கும் ஐசியூக் கிருமிக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா?
— மருந்தாளுநர், திருநெல்வேலி

உண்டு ஐயா. சிவகங்கை மாணவருக்குச் சொன்ன கோரைப் புல்லை நினைவுகொள்ளுங்கள். சளிக்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் மூன்று நாள் அசித்ரோமைசினோ செஃபிக்சிமோ வாங்கிப்போகிறவரின் குடலில் எதிர்ப்புத்திறன் கொண்ட கிருமிகள் தங்கிப் பெருகுகின்றன. அடுத்த ஆண்டு அவர் விபத்தில் சிக்கி ஐசியூவுக்குள் கொண்டுசெல்லப்படும்போது அவையும் அவரோடு உள்ளே போகின்றன.

2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள, இந்திய மருந்து விதிகளின் எச் 1 அட்டவணை, செஃபிக்சிம் போன்ற மூன்றாம் தலைமுறைச் செஃபலோஸ்போரின்களையும் கார்பபெனெம்களையும் உள்ளிட்ட 46 மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்கிறது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்து, அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்கவேண்டும் என்பது நீங்கள் அறிந்ததே. பக்கத்துக் கடையும் அதைக் கடைப்பிடித்தால்தான் உங்கள் நேர்மைக்கு நட்டம் வராது. அதை உறுதிசெய்வது மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் வேலை; உங்கள் சங்கத்தின் வழியாக அதைக் கேட்பது உங்கள் உரிமை.

கேள்வி: புதிய மருந்துகள் வருகின்றனவா? கோலிஸ்டின்தான் கடைசி மருந்து என்கிறார்களே?
— மருத்துவ மாணவி, தஞ்சாவூர்

கோலிஸ்டின் பழைய மருந்து. 1950களில் பயன்பாட்டுக்கு வந்து, சிறுநீரகத்தைக் கெடுக்கிறது என்பதால் ஏறத்தாழக் கைவிடப்பட்டது. வேறு வழியில்லாமல் அதைத் திரும்ப எடுத்தோம். அதே மருந்தைக் கோழிப்பண்ணைகளில் எடை கூட்டுவதற்காகத் தீவனத்தில் கலந்துகொண்டிருந்தார்கள் என்பது என்னை இன்றும் வேதனைப்படுத்துகிறது. கோலிஸ்டினுக்கு எதிர்ப்பைத் தரும் மரபணு ஒன்று பிளாஸ்மிட்டில் ஏறி நகர்வதைச் சீன ஆய்வாளர்கள் 2015இல் கண்டறிந்தனர். இந்தியா 2019 ஜூலையில் கால்நடை, கோழி வளர்ப்பில் கோலிஸ்டினைத் தடைசெய்தது.

செஃப்டாசிடைம், அவிபாக்டம் கூட்டு மருந்து, கார்பபெனெமை வெட்டிப்போடும் கேபிசி வகை நொதியை அடக்குகிறது. பெதெஸ்டாவில் பரவிய கிருமியிடம் இருந்தது அந்த வகைதான். என்டிஎம் நொதியை அது அடக்குவதில்லை. எனவே நம் நாட்டில் அதனுடன் அஸ்ட்ரியோனாமையும் சேர்த்துக் கொடுக்கவேண்டியிருக்கிறது. செஃபிடெரோகால், இரும்புச்சத்தை நாடும் கிருமியின் வழியிலேயே உள்ளே நுழையும் மருந்து. சென்னையின் ஆர்க்கிட் நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட என்மெட்டாசோபாக்டம், செஃபிபைமுடன் சேர்ந்த கூட்டு மருந்தாக 2024 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஆனால் அதுவும் என்டிஎம் நொதிக்கு எதிரானது அன்று. மருந்து நிறுவனங்களுக்கு இத்துறையில் ஆர்வம் குறைவு. சர்க்கரை நோய் மாத்திரையை ஒருவர் வாழ்நாள் முழுவதும் வாங்குவார். ஆன்டிபயாட்டிக்கைப் பத்து நாள்தான் வாங்குவார். அதிலும் புதிய மருந்தை இயன்றவரை பயன்படுத்தாமல் காப்பாற்றிவையுங்கள் என்று என்னைப் போன்றவர்கள் சொல்லிக்கொண்டிருப்போம். நீங்கள் பயிற்சிக்கு வரும்போது, முதல் ஊசிக்கு முன் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, இரத்தம் எடுக்கும் பழக்கத்தையும், முடிவு வந்ததும் பல கிருமிகளைத் தாக்கும் மருந்திலிருந்து அந்தக் கிருமிக்கு மட்டும் ஏற்ற மருந்துக்கு மாறும் பழக்கத்தையும் பிடிவாதமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் தந்தை நாற்பது நாள் ஐசியூவில் இருந்து பிழைத்து வந்திருக்கிறார். மலக்குடல் சோதனையில் கார்பபெனெமுக்கு அடங்காத கிளெப்சியெல்லா இருக்கிறது, ஆனால் நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டில் இரண்டு வயதுப் பேத்தி இருக்கிறாள். அவரைத் தனி அறையில் வைக்கவேண்டுமா? மருந்து கொடுத்துக் கிருமியை அகற்ற முடியாதா?
— மகன், கோயம்புத்தூர்

தனி அறை வேண்டாம். பேத்தி தாத்தாவின் மடியில் உட்காரட்டும். உடல்நலத்துடன் உள்ள குழந்தைக்கு அதனால் பொதுவாக நோய் வராது. கிருமி அவர் குடலில் மற்றக் கிருமிகளோடு இருக்கிறது, அவ்வளவுதான். கழிப்பறைக்குப் போய் வந்தபின் சோப்புப் போட்டுக் கை கழுவுவதை அவரும், அவருக்கு உதவுகிறவர்களும் தவறவிடக்கூடாது. சிறுநீர்க் குழாயோ படுக்கைப் புண்ணோ இருந்தால், அவற்றைத் தொடும்போது கையுறை அணிந்து, பிறகு கையையும் கழுவவேண்டும். துணிகளை வழக்கம்போலத் துவைத்து வெயிலில் உலர்த்தினால் போதும். ஒன்று மட்டும் விதிவிலக்கு: வீட்டில் புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொள்பவரோ உறுப்பு மாற்று செய்துகொண்டவரோ இருந்தால், அவருடைய மருத்துவரிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

கிருமியை அகற்றுவதற்கென்று ஆன்டிபயாட்டிக் கொடுக்கவேண்டாம். அது எஞ்சியுள்ள நல்ல கிருமிகளைக் கொன்று இதையே வளர்க்கும். பலருக்குச் சில மாதங்களில் அது தானே குறைகிறது; சிலரிடம் ஓராண்டுக்கு மேலும் தங்குகிறது.

அந்தச் சோதனை முடிவைத் தந்தையின் மருத்துவக் கோப்பில் முதல் தாளாக வைத்து, மேலே சிவப்பு மையால் கிருமியின் பெயரையும் தேதியையும் எழுதுங்கள். அடுத்த முறை எந்த மருத்துவமனைக்குப் போனாலும், அது பல் பிடுங்குவதற்காக இருந்தாலும், வரவேற்பு மேசையிலேயே அந்தத் தாளைக் காட்டிவிடுங்கள். காட்டினால் சேர்க்க மறுப்பார்களோ என்று தயங்குவீர்கள்; மறுப்பது தவறு என்று அவர்களிடம் சொல்லலாம், தேவையானால் இந்தப் பக்கத்தையும் காட்டலாம். அவரைத் தனிக் கட்டிலில் வைப்பதும், அவருக்கு முதல் நாளே எந்த மருந்தைத் தொடங்குவது என்று முடிவுசெய்வதும் அந்தத் தாளைப் பொறுத்தே இருக்கும்.